சனிக்கிழமைக் குப்பி

சால்ட் லேக், கல்கத்தா
14.7.2007

அன்புள்ள சாவித்ரி,

பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். பச்சைத் தொட்டிக்கு முன்னால் பட்டுப்புடவை வேறு! ‘பாசியிலிருந்து டீசல்: கோவை விஞ்ஞானி கண்டுபிடிப்பு.’ வயிறு எரிகிறதடி, ஒளிப்பானேன்? 98-ல் நாம் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது, சாக்கடைத் தண்ணீரில் மீன் வளர்க்கிற இந்த ஊர் ‘பேரி’க் குளத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி அந்தப் பாசியை அள்ளியது யார்? நீ கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாம்பு இருக்கப் போகுதுடி, மேல வா!” என்று கத்தினாய். இன்று நீ கண்டுபிடித்தவள். நான் அரசாங்க லேபில் குடிதண்ணீர் சோதிக்கிறவள்.

போகட்டும். நீ கல்யாணமாகிப் போனபோது ஆளுக்கொரு குப்பி பிரித்துக்கொண்டோமே, என் குப்பி பத்திரம். ஒன்பது வருஷமாகச் சனிக்கிழமை தோறும் தண்ணீர் மாற்றுகிறேன்.

பொறாமையுடன்,
தமயந்தி

கோவை
3.9.2007

என் தமாவுக்கு,

பொறாமையுடன் என்று கையெழுத்துப் போட உனக்குத்தான் தைரியம் வரும். அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மழையோடு கண்ணுக்குத் தெரியாத பூச்சி தொட்டியில் புகுந்து, மூன்றே நாளில் பாசி முழுவதையும் தின்றுவிட்டது. லேபில் வைத்திருந்த என் குப்பியிலும் அதே பூச்சி. ஏற்கெனவே முதலாளி, “பாசியைத் தண்ணியிலிருந்து பிரிக்கிற கரண்டுக்கே வர்ற எண்ணெய் கட்டாது போலிருக்குங்கம்மா” என்கிறார். தீபாவளிக்குள் தொட்டி பச்சையாகாவிட்டால் மூடிவிடுவாராம்.

உன் குப்பியிலிருந்து ஒரு கரண்டி கூரியரில் அனுப்பு. இனி அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உன்னையே நம்பி,
சாவித்ரி

சால்ட் லேக்
17.9.2007

சாவித்ரி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். குப்பி இல்லை.

ஜூலையில் உனக்கு எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, தண்ணீர் மாற்றக் குப்பியை எடுத்தேன். இவள் போட்டோவுக்கு நிற்க, நான் இதற்கு ஆயா வேலை பார்க்கணுமா என்று ஆத்திரம் வந்தது பார், அப்படியே சிங்க்கில் ஊற்றிவிட்டேன். பத்து நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இந்த ஊர்ச் சாக்கடை எங்கே போகுமென்று உனக்குத் தெரியும். இரண்டு ஞாயிறும் அதே பேரிக்குப் போய் இருபது பாட்டில் அள்ளி வந்தேன். எல்லாம் வேறு பாசி. மீன்காரர், “என்னக்கா தேடுறீங்க?” என்று கேட்கிறார்.

திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தமயந்தி

கோவை
24.9.2007

அடி பாவி தமயந்தி,

இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். மேலே எழுதியிருப்பது அதில் மிச்சம்.

ஆனால் நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். பேப்பர்காரர், “இதை முதல்ல கண்டுபிடிச்சது யார் மேடம்?” என்றுதான் கேட்டார். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார், கரையில் நின்றவள்தானே? விழுங்கிவிட்டேன். அந்தச் சேறு என் காலில் ஒட்டவில்லையே என்று ஒன்பது வருஷமாக எனக்கும் எரிச்சல்தான்.

வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன். ஞாயிறு ஹவுரா ஸ்டேஷனுக்கு வா, பாட்டில்களோடு.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை முதலில் நான்தான் இறங்குவேன். நீ கரையில் நில்.

சாவித்ரி