கழுவிக் கொட்டிய திசு

மார்ச் 3

இந்த முறையும் செத்துவிட்டன. எலிக்கருவின் குடலிலிருந்து உட்சுவர் செல்களை மட்டும் பிரித்து வளர்க்கிறேன். சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவை ஒரு துணுக்கு விடாமல் உரித்துக் கழுவுகிறேன். மூன்று நாள் உருண்டையாகக் கிடக்கின்றன, பிறகு சாகின்றன. அவை முதிர்ந்து செரிமான நொதியைச் சுரந்தால்தான் என் ஒப்பந்தம் நீளும். இந்த மாதக் கடைசிதான் கெடு.

பக்கத்து மேசை அவசரக்குடுக்கைக்கு மட்டும் எல்லாம் ஜோராக வளர்கிறது. அரை மணியில் உரித்து முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போகிறான். "அவர் கைராசி அப்படி, பாத்துக் கத்துக்கோங்க" என்கிறார் பேராசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 4

வீட்டில் கணவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், உப்பு எங்கே என்றுதான் கேட்டார்.

மார்ச் 9

பக்கத்து மேசைக்காரன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் செல் வளர்க்கும் தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். திருட்டுத்தனம்தான், இருக்கட்டும். ஐயோ, என்ன குப்பை! பாதித் திசுவை உரிக்கவே இல்லை. ஆனால் — திசு ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான் செல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இல்லாத இடத்தில் என்னுடையவை மாதிரியே உருண்டைகள்.

அப்படியென்றால் இத்தனை மாதமாக எதைக் கழுவிக் கொட்டினேன்?

மார்ச் 10

பேராசிரியரிடம் சொன்னேன். பொறாமையாம். எனக்கு! அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வேலையைப் பார்க்க வேண்டுமாம். போய்யா, நீயும் உன் கைராசியும். நாளைக்கே உரித்த திசுவைத் திரும்பச் சேர்த்து வளர்க்கிறேன். பாதித் தட்டுகளில் சேர்த்து, பாதியில் சேர்க்காமல்.

மார்ச் 17

சேர்த்த தட்டுகள் அத்தனையிலும் நொதி. சேர்க்காதவற்றில் ஒன்றுமில்லை.

மார்ச் 18

என் தட்டுகளின் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்ததும் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். கட்டுரை எழுதலாமாம். முதல் பெயர் அவனுடையதாம், முதலில் வளர்த்தது அவன்தானாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"சார், நான் ஒழுங்கா உரிக்கவே இல்ல. உரிச்சேன்னு குறிப்பேட்டுல பொய் எழுதிட்டேன். கண்டுபுடிச்சது இவங்கதான்."

பேராசிரியர் முகம் சுண்டிப்போயிற்று. நான் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31

எனக்கு இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அவனுக்கு இல்லை. பொய் எழுதியதற்கு அதுதான் தண்டனையாம்.

இரண்டு வாரம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சே, என்ன ஜென்மம் நான். இன்று சொல்லிவிடலாம் என்று சீக்கிரமே போனேன். அவன் மேசை காலியாக இருந்தது.