ஒளிவினைக் கலத்தின் சன்னலில் அப்பிய சந்தனத்தைத் துடைக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
ர. தாரணி,
ஆய்வு மாணவி, வேதியியல் துறை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கல்லூரி அறக்கட்டளை,
மல்லேஸ்வரம், பெங்களூரு.

பொருள்: கண்ணாடிச் சன்னல் ஒன்றைத் துடைப்பது – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உருவாக்கிய மஞ்சள் நிற வினையூக்கித் தூள், வெளிச்சம் பட்டால் மட்டும், பென்சைல் ஆல்கஹாலைப் பாதாம் மணமுள்ள பென்சால்டிஹைடாக மாற்றும். வெளிச்சம் இல்லையேல் சும்மா கிடக்கும். ஐந்தாண்டு உழைப்பு இவ்வளவுதான். இந்த மாற்றம் நடக்கும் கலத்துக்குள் வெளிச்சம் போக ஒரே ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு.

2. ஆயுத பூஜையன்று ஆய்வகக் கண்காணிப்பாளர் திரு. வெங்கடராமன் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தார். என் கலத்தின்மேல் மட்டும் தனி அபிமானம். சன்னல் முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார். நானும் கும்பிட்டேன், பொரி தின்றேன். சாமிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

3. விடுமுறை முடிந்ததும் நிபுணர் குழு செயல்விளக்கம் பார்க்க வந்தது. துடைக்கப் போன என்னைத் தடுத்து, "ஏன்மா, பொட்டு வெச்சா மெஷின் ஓடாதா? நம்ம பஸ்ஸெல்லாம் ஓடலையா?" என்றார் கண்காணிப்பாளர். ரோடு தெரியுமளவுக்காவது கண்ணாடியை விட்டுவைத்துத்தான் ஓட்டுநர்கள் பொட்டு வைக்கிறார்கள் என்ற நுட்பத்தை விளக்க எனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. விளக்கு எரிந்தது, சந்தனம் காய்ந்தது, ஆல்கஹால் ஆல்கஹாலாகவே இருந்தது. குழுவின் முனைவர்கள் மூவரும் அந்தச் சன்னலைப் பக்தியோடு வணங்கிவிட்டு, "வினையூக்கி செயலற்றது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒளியைப் பற்றிய ஆய்வில் ஒளி உள்ளே போனதா என்று கேட்பது அவர்கள் தகுதிக்குக் குறைவு போலும்.

4. மறுசோதனைக்கு இந்த வெள்ளி கடைசி நாள். அன்றோடு என் ஆய்வுப் பதிவும் காலாவதி. கண்காணிப்பாளரோ, நல்ல நாள் பார்த்துத் தாமே துடைப்பதாகவும், அதுவரை யாரும் தொடக்கூடாதென்றும் உத்தரவிட்டுவிட்டுத் திருப்பதி போயிருக்கிறார். அடுத்த திங்கள்தான் திரும்புவாராம்.

5. ஆகவே, துடைக்க அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில் என் ஆய்வுத் தலைப்பை "ஒளியைத் தடுப்பதில் சந்தனத்தின் பங்கு" என்று மாற்றித் தரவும். அதில் முடிவுகள் அமோகமாக வந்துள்ளன.

கிண்டலுக்கு மன்னிக்கவும், ஐயா. அந்தத் தூள் வேலை செய்யும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்யாது என்ற பொய்யோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நாள்: 06.10.2025
இடம்: பெங்களூரு

ஈரத்துணியுடன் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ர. தாரணி