சித்தூர் ரேக்கின் பின்பக்கம்

அக்டோபர் 6, 2025. திருப்பதி

தசரா லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் வரதராஜன் சார் கூப்பிட்டுவிட்டார். சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரி சர்வரை அழித்துவிட்டுப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டுமாம். சீசன் இல்லாத மாதம், இப்போது விட்டால் அவர்களிடம் நேரம் கிடைக்காது. நாளைக் காலை பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். சிரித்தார்.

"எதுக்குப் போறீங்க கோகுல்? இங்க உக்காந்துகினே போடுங்க. ஒரு தடவ போட்டுக் காட்டிட்டா அப்புறம் சித்தூர்ல ஆள் எதுக்கு, சொல்லுங்க?"

அந்த ஆள் ஜெர்ரி. அவனும் நானும் ஒரே நாளில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள் என்பது சாருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னார்.

அக்டோபர் 7

போட்டேன். ஏறவில்லை.

இன்ஸ்டாலேஷன் டிஸ்க் என்பது இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஃபைல். சித்தூரில் இருக்கும் சர்வர், அதைத் தனக்குள் போட்ட டிஸ்க் என்றே நம்பிப் படிக்கும். அதன் திரை இங்கே தெரிகிறது, என் கீபோர்டுக்கு அது பதில் சொல்கிறது. எல்லாம் சரி. கொஞ்ச தூரம் போனதும் 'டிஸ்க்கைக் காணோம்' என்று நின்றுவிடுகிறது. ஃபைலை மாற்றினேன், ப்ரௌசரை மாற்றினேன், கம்ப்யூட்டரையே மாற்றினேன். நின்ற இடத்திலேயே நிற்கிறது, சனியன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் – ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் உள்ளே ஒரு சந்தோஷம்.

அக்டோபர் 8

இன்றும் இல்லை. ஜெர்ரிக்குப் போன் செய்து, சார் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். "உம்" என்றான். ஒயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "முன்னாடி லைட்டெல்லாம் பச்சையா எரிஞ்சிகினுதான் கீது" என்றான்.

மத்தியானம் வேலை ஓடவில்லை, பழசெல்லாம் வந்துகொண்டே இருந்தது. இதே ஃபேக்டரிக்கு முதன்முதலில் நாங்கள் இருவரும் போனது ஆந்திர அரசு பஸ்ஸில். மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டிருந்தான் ஜெர்ரி. டிஸ்க்குகள் என் டிபன் பையில், புளிசாதத்துக்கு மேல். கண்டக்டர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏமி பாபு, டீவியா? லக்கேஜ் டிக்கெட் தீஸ்கோ" என்றார். காணிப்பாக்கம் கூட்டு ரோடு வரைக்கும் ஜெர்ரி அவரோடு தெலுங்கில் வாதாடினான், பிறகு மானிட்டருக்கும் டிக்கெட் வாங்கினான். ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் பழக்கூழ் வாசனை. சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு, டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டு, திரையில் கோடு ஊர்வதையே பார்த்துக்கொண்டு பேசியதெல்லாம் என்ன? ஒன்றும் பெரிதாக இல்லை. சம்பளம், சினிமா, ஸ்வீட்டி. ஸ்வீட்டியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவன் முதலில் சொன்னது என்னிடம்தான், அந்த அறையில்தான்.

அந்த நாட்கள் எனக்கு வேண்டும். மானிட்டரைத் தூக்கவும் தயார்.

அக்டோபர் 9

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

காலையிலிருந்து சார் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இன்ஸ்டாலேஷன் அதே இடத்தில் மறுபடி நின்றது. எரிச்சலில் ஜெர்ரிக்குப் போன் போட்டு, "டேய், வேலை போயிடும்னு வேணும்னே எதனா பண்ணி வெச்சிருக்கியா?" என்றேன்.

"அப்படியா நெனச்சிக்கினு கீற?" என்றான். வைத்துவிட்டான்.

நான் என்ன மனுஷன்?

அக்டோபர் 10

காலையில் அவனே வீடியோ காலில் வந்தான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. சுவருக்கும் சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்குக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தான். "பாரு" என்று போனைத் திருப்பினான். சர்வர்களின் பின்பக்கமெல்லாம் சந்தனமும் குங்குமமும்.

அப்போதுதான் புரிந்தது. ஆயுத பூஜை! அந்த ஃபேக்டரியில் பாய்லரிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். சர்வரையும் விடமாட்டார்கள், ஒயரையெல்லாம் பிடுங்கித் துடைத்தால்தான் திருப்தி. ஜெர்ரி பழைய மிஷன் சர்ச்காரன், பூஜையில் கை வைக்கமாட்டான். ஆனால் வருஷா வருஷம் பக்கத்திலேயே நின்று, பிடுங்குவதற்கு முன்னால் போட்டோ எடுத்து, முடிந்ததும் தானே பார்த்துச் சொருகி, சுண்டலும் வாங்கிக்கொண்டுதான் நகருவான். இந்த வருஷம் ஸ்வீட்டியின் வீட்டு விசேஷத்துக்கு நகரி போய்விட்டான். எலக்ட்ரீஷியன் முனுசாமி எது பொருந்துகிறதோ அதில் சொருகியிருக்கிறார்.

தூரத்திலிருந்து வேலை செய்யும் ஒயருக்கென்று தனி ஓட்டை உண்டு. முனுசாமி அதைப் பக்கத்திலிருந்த, சர்வரின் மற்ற வேலைகளுக்கான பொது ஓட்டையில் செருகிவிட்டார். அதிலும் திரை தெரியும், அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் இன்ஸ்டாலேஷன் பாதி வழியில் நெட்வொர்க்கைத் தட்டி எழுப்பும்போது அந்த ஓட்டை ஒரு நொடி அணைந்து எரியும். அந்த ஒரு நொடியில் என் டிஸ்க் அதற்குக் காணாமல் போய்விடுகிறது.

"மாத்திச் சொருகட்டா?" என்றான்.

சொருகினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நல்லவேளை, சார் இன்னும் வரவில்லை.

"வேணாண்டா. அப்படியே விடு. இங்கிருந்து முடியலன்னு சொல்லிடறேன்."

"நேத்து என்னையே சந்தேகப்பட்ட. இன்னிக்கி எனக்கோசரம் பொய் சொல்லப் போறியா?" கொஞ்சம் சிரித்தான். "உன் பேரும் சேர்ந்து கெட்டுப்போவும்டா." க்ளிக் என்று சத்தம். "சொருகிட்டேன். போடு."

"நேத்து பேசினதுக்கு மன்னிச்சிக்கடா."

"போடுறா மொதல்ல."

போட்டேன். எங்கும் நிற்காமல் ஏறிவிட்டது. சார் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 14

சாரோடு சண்டை போட்டேன். ஒயர் கதையைச் சொல்லி, இதற்குத்தான் அங்கே ஓர் ஆள் வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "கரெக்ட் கோகுல். ஜெர்ரிகிட்ட போன வருஷம் எடுத்த ஒயரு போட்டோ இருக்கும் இல்ல? வாங்கி முனுசாமிக்கு அனுப்பிடுங்க, போதும்" என்றார்.

அக்டோபர் 31. சித்தூர்

ஜெர்ரிக்குக் கடைசி நாள். லீவு போட்டு பஸ் ஏறி வந்தேன். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு நகரிக்கே போகிறான். சாவியை முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, பின்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தான். கோபமே இல்லை அவனுக்கு. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

நவம்பர் 26. திருப்பதி

காளஹஸ்தியில் ஒரு புது சர்வர். இங்கிருந்தே போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கை என்னவோ பழக்கத்தில் ஜெர்ரிக்குப் போன் போட்டுவிட்டது. எடுத்ததும், "சொல்லுடா, எந்த ஒயரு?" என்றான்.

"ஒயரெல்லாம் இல்லடா. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா?" என்றான்.

வேலை இல்லாமல் நான் அவனுக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. அவன் பக்கம் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சோறு துன்னியா?" என்று கேட்டேன்.