மேல்சரிவில் ஒரு மீட்டர் பனி

கரா-பெல்
12 நவம்பர் 1997

அன்புள்ள மருமகள் குல்சைராவுக்கு,

உன் அத்தை புருல்கன் எழுதிக்கொள்வது. முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பெக்துர் போன வருஷப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவது வந்தானே, அதற்கான சான்றிதழ் இப்போதுதான் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். உன் நாத்தனார் மகள் பெகிமாய் கணக்கில் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கிறாள். அவள் தம்பிக்கு இன்னும் இரண்டு வயசு ஆகவில்லை, குதிரை மேல் அழாமல் உட்காருகிறான். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தின என் வயிற்றில் பிறந்த வம்சம் இது என்று கடைக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் ரொட்டியே வாங்கினேன்.

இந்த வருஷம் அக்டோபர் நாலாம் தேதியே முழங்கால் அளவு பனி விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பகலெல்லாம் சுள்ளென்று வெயில், ராத்திரி வாளித் தண்ணீர் அடிவரை உறைகிறது. வெயில் படும் பக்கம் பனி போய்விட்டது. மேல்சரிவு நிழலில் இருப்பதால் அங்கே அப்படியே கிடக்கிறது.

பனிச்சறுக்கு மைதானத்துப் பொறுப்பாளர் தொக்தோசுன் பனி அளக்கும் வேலையை இந்த வருஷமும் எனக்கே கொடுத்திருக்கிறான். மேல்சரிவில் நட்ட அளவுக் கம்பத்தைப் பார்த்துத் தாளில் நான் எழுதுவதுதான் எழுத்து. ஒரு மீட்டர் ஆனால் மேல்சரிவைத் திறப்பார்கள். ஜனவரி பத்தாம் தேதி தலைநகரிலிருந்து ஆள் வந்து அணிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேல்சரிவு திறந்தால்தான் தேர்வு. நம் பெக்துரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

என் மகன் மெதேரைக் குல்லா போடாமல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்.

உன் அத்தை
புருல்கன்


நோவோசிபிர்ஸ்க்
1 டிசம்பர் 1997

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகன் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சந்தையில் வியாபாரம் பரவாயில்லை. குல்லா போடுகிறார்.

அத்தை, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்த அக்டோபர் பனி மேல்சரிவில் இன்னும் இருக்கிறதா? கையை அடிவரை விட்டு அள்ளிப் பாருங்கள். என் அப்பா கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். முதல் பனி சீக்கிரம் விழுந்து, பிறகு வெறும் குளிராகக் காய்ந்தால், அது அடியில் கல்லுப்பு மாதிரி உதிரியாகிவிடும் என்பார். அதற்கு மேல் விழுவது எதையும் அது தாங்காது. அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில் பனி சரிந்துதான் என் அண்ணன் போனான்.

தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டி வளர்ப்பது நம் வழக்கம். பிறந்த நாற்பதாம் நாள் பெக்துரை உங்கள் மடியில் வைத்தபோது நான் வாய் திறக்கவில்லை. உங்களை அம்மா என்கிறான், என்னை அண்ணி என்கிறான். இந்தப் பதினேழு வருஷத்தில் குறை சொல்லியிருக்கிறேனா? இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அவனை இங்கே அனுப்புங்கள்.

குல்சைரா


கரா-பெல்
27 டிசம்பர் 1997

அன்புள்ள குல்சைராவுக்கு,

குறை சொல்லவில்லை என்று எழுதியே குறை சொல்லிவிட்டாய். இருக்கட்டும். தேர்வு வரும் நேரத்தில் பையனை ரயிலேற்றி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? என் மகன் பயந்து ஓடினான் என்று யாரும் பேச நான் விடமாட்டேன்.

இருபதாம் தேதி முதல் விடாமல் பனி. காற்றும் சேர்ந்து அடிப்பதால் முகட்டின் அந்தப் பக்கத்துப் பனியெல்லாம் மேல்சரிவில் வந்து குவிகிறது. இன்று கம்பத்தில் எண்பத்திரண்டு.

நீ சொன்னபடி கையை விட்டுப் பார்த்தேன். அடியில் இருந்ததைப் பிடித்து உருட்டினால் உருளவில்லை. விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டிப்போனது. தொக்தோசுனிடம் சொன்னேன். அவன் தாளை நீட்டி, "சித்தி, இதுல ஒரு கட்டந்தான் இருக்கு. எத்தனை சென்டிமீட்டர்னு சொல்லுங்க போதும். அடியில உப்பா சர்க்கரையான்னு யாரு கேட்டா? டீ போடவா போறோம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று கம்பத்துக்கு நடந்தபோது காலடியில் பெரிய மூட்டை விழுந்த மாதிரி பொத்தென்று ஒரு சத்தம். தரை ஒரு விரற்கடை இறங்கியது. நாய் அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டது. நான் மட்டும் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வந்தேன்.

புருல்கன்


நோவோசிபிர்ஸ்க்
5 ஜனவரி 1998

அத்தை,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. தபாலை நம்பாமல், அந்தப் பக்கம் வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பத்தாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும்.

நாய் உட்கார்ந்த இடத்தைத் தாண்டி நீங்களும் போகாதீர்கள்.

கம்பம் என்ன காட்டினாலும் ஒரு மீட்டர் என்று எழுதாதீர்கள். தொண்ணூறு இருந்தால் எண்பது என்று எழுதுங்கள். பாவம் என் தலையில் வரட்டும். அவன் கடைசிவரை உங்கள் பிள்ளையாகவே இருக்கட்டும், என்னை அண்ணி என்றே கூப்பிடட்டும். கீழே இருந்தால் போதும்.

குல்சைரா


கரா-பெல்
19 ஜனவரி 1998

குல்சைரா,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. கணவாயை மூடியிருந்தார்களாம். லாரிக்காரர் மேல் தப்பில்லை.

நீ தந்தியில் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். ஒன்பதாம் தேதி கம்பத்தில் தொண்ணூற்றாறு இருந்தது. பெக்துர் பக்கத்தில் நின்றான். "அம்மா, நாலே சென்டிமீட்டர். இதுக்காகவா அவங்களைத் திருப்பி அனுப்பப் போறீங்க?" என்றான். நான் நூறு என்று எழுதினேன். தொக்தோசுன் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. என் கைதான் எழுதியது.

மறுநாள் காலை கொடிக்கம்பு நடுவதற்கு அவன்தான் முதலில் மேலே போனான். மூன்றாவது கம்பை ஊன்றும்போது சரிவின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி பிளந்தது. இடது பாதி அவனையும் வாரிக்கொண்டு மொத்தமாக இறங்கியது. சத்தம் அப்புறம்தான் வந்தது. கால் மணி நேரம் தோண்டினோம். கையுறை நுனி தெரிந்ததால் கிடைத்தான். உதடு நீலம். தொக்தோசுன் வாயில் வாய் வைத்து ஊதினான்.

உயிரோடு இருக்கிறான். இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருக்கின்றன. இனி பனிச்சறுக்கு இல்லை என்கிறார் வைத்தியர்.

ஆஸ்பத்திரியில் அவனிடம் சொன்னேன்: "உன்னைப் பெத்தவ குல்சைரா. அவ உன்னைக் கேட்டா, நான் குடுக்கல. அவ சொன்ன பேச்சையும் கேக்கல." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "அவங்க என்னை வெச்சுப்பாங்களா?" என்று கேட்டான்.

வலது பாதி இன்னும் மேலேயே தொங்குகிறது. நம் வீடு அதற்கு நேர் கீழே. நேற்று மறுபடியும் பனி தொடங்கிவிட்டது. பெகிமாயையும் தம்பியையும் அவர்கள் அம்மாவோடு கீழூருக்கு அனுப்பிவிட்டேன். மாடுகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது? மெதேர் பிப்ரவரி ஐந்தாம் தேதி வந்து பையனைக் கூட்டிப்போகட்டும். நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல். இந்த வீட்டுப் பக்கம் அவன் வர வேண்டாம். பெக்துர் உன் பிள்ளை. திருப்பிக் கேட்க மாட்டேன்.

கட்டுப் பிரித்து அவன் எழுந்து நிற்கும் நாளில், நீ பக்கத்தில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. இந்த வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், கீழூர்த் தபாலாபீசுக்கு அனுப்பு.

புருல்கன்