வங்கி காட்டிய நேர்கோடு

என் கிழவி நெலிதாவுக்கு,

நீயும் மகளும் நலந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எண்ணெய் வயல் காற்று என் தலையில் மிச்சமிருந்த முடியையும் கொண்டுபோய்விட்டது, மற்றபடி நலம்.

வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போனேன். மாதத் தவணை இருபது வருடமும் ஏறாமல் நேர்கோடாக ஓடுகிற வரைபடத்தைக் காட்டினார்கள். ஏழாம் வகுப்பு மேதை நான், உடனே பேனாவை எடுத்துவிட்டேன். கூட வந்த என் வேலைக் கூட்டாளி பாஸ்குவால் கையைப் பிடித்தான்.

"கோட்டைப் பாக்காதய்யா, ஓரத்துல எழுதியிருக்கிறதப் பாரு. நம்ம பணம் பெசோன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. தவணையை ஏதோ 'அலகு' கணக்கில் வரைந்திருந்தார்கள். விலைவாசி ஏற ஏற அந்த அலகின் விலையும் ஏறுமாம்.

"அப்ப பெசோவுல வரைஞ்சு காட்டும்மா" என்றேன்.

வங்கிப் பெண் சிரித்துவிட்டாள். "அது தாளுக்குள்ள அடங்காது சார்."

தாளுக்கே அடங்காதது என் சம்பளத்துக்கா அடங்கும்? பேனாவை மூடிவிட்டேன். மற்ற வங்கிகளிலும் அதே கோடுதான், நிறம்தான் வேறு.

பெசோவின் மதிப்பு கரைவதற்குள் சம்பளத்தைச் செங்கல்லாக மாற்றிவிடலாம் என்று மாதாமாதம் வாங்கி மனையில் அடுக்கினோமே, அதைக் கோழிக்கூண்டு கட்டக் கேட்ட உன் தம்பிக்கே கொடுத்துவிடு. இனி நமக்குச் சுவர் எழும்பாது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இங்கே கடையிலும் கிடைக்கும். நீ பின்னியதுதான் வேண்டும்.

வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒரு செங்கல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொள். வாடகை வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்றாயே, முட்டுக்கொடுக்க ஆகும்.

உன்
எலாதியோ