பூங்கோதை பாதியில் எழுந்து வந்த பரீட்சை

மயூர் விஹார்,
தில்லி.

அன்புள்ள ஜெகன் கண்ணு, அப்பாவும் நானும் தங்கச்சியும் உடம்பளவில் சுகம்தான், நீயும் அந்த ஊர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க முருகன் துணை. போனில் பேசினால் இந்த இரண்டு ரூமுக்குள் பூங்கோதை காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் அவள் பாதியிலேயே பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மரத்தில், பட்டம் விடுகிற மாஞ்சாவில் இறக்கை மாட்டி ஒரு பருந்து தொங்கியதாம், ஏணி கொண்டு வாங்க என்று வாட்ச்மேனிடம் அழுதிருக்கிறாள். நாடகம் போடுகிறாள் என்றார்களாம் கூடப் படிக்கிற பிள்ளைகள். நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை, கண் பட்டுவிட்டது என்று நான் மிளகாய் சுற்றிப் போட்டேன். துளி கமறல் இல்லை, அடேயப்பா இவ்வளவு கண்ணா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவளுடைய கணக்கு டீச்சர் ஜெயலட்சுமி கூப்பிட்டு அனுப்பினார். இது பயமும் இல்லை, நாடகமும் இல்லைங்க என்றார். வகுப்பில் வேறு யாரையாவது திட்டினால் இவளுக்குக் காது சிவந்துவிடுமாம், போர்டில் ஒரு கணக்கு அழகாக முடிந்தாலும் கண் கலங்குமாம். புத்தி எவ்வளவு வேகமோ மனசும் அவ்வளவு வேகம், சில பிள்ளைங்க அப்படித்தான், அடக்காம கூட இருங்க என்றார். வீட்டில் அழுதால் என்ன செய்வீங்க என்று கேட்டார். வீட்டில் அவள் அழுததே இல்லை டீச்சர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து மனசு மரத்துக் கிடக்கிறது கண்ணு. குழம்பு வைக்கிறேன், துணி மடிக்கிறேன், ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் முருங்கைக்காய்கூட வாங்கி வந்தேன், அழுகைதான் வரவில்லை. அப்பாவோ ஏப்ரலில் அவளை ராஜஸ்தானில் அந்தக் கோட்டா ஊரில் ஹாஸ்டலில் போட்டு என்ட்ரன்ஸ் கோச்சிங் சேர்ப்பதில் உறுதியாக இருக்கிறார். முகம் தெரியாத இடத்தில் இப்போது விடவேண்டாம் என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன், அங்கே போனால் எல்லாம் தானாகச் சரியாகும் என்கிறார். அவளும் அச்சா அப்பா, சரி என்று சிரித்துவிட்டு, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் பண்ணி, தங்கச்சியிடம் நீ ஒரு வார்த்தை சொல்லு, அண்ணன் சொன்னால் சந்தோஷமாகப் போவாள் என்பார். போய்விடுவாள் கண்ணு, உனக்காகச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நீ சொல்லிவிடாதே.

உன் அம்மா,
அம்சவேணி