பாட்டுக்கு மட்டும் வாடகை இல்லை

தம்பி,

கொல்லையில் மல்லாட்டை விதைத்தாயிற்று. மயில் வந்து கடலையைக் கிளறிவிடும் என்று பேத்தி சுற்றிலும் கயிறு கட்டி, பழைய சி.டி.க்களைத் தொங்கவிட்டிருக்கிறாள். காற்றில் திரும்பும்போது வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கிட்டே போய் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் நீ. மஞ்சள் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் மைக்கு. முகமெல்லாம் வெளுத்துப்போய் மீசை மட்டும் மிச்சம்.

பரண்மேல் கிடந்த உன் பெட்டியில் இருந்து எடுத்திருக்கிறாள்.

"ஏண்டி, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"சும்மாதானே ஆயா கிடக்குது."

சும்மாதான் கிடக்கிறது. வித்திருந்தால் ஏன் கிடக்கப் போகிறது? மயிலுக்கு அதைப் பார்த்து பயமும் இல்லை. உன் மூஞ்சிக்கு நேராக நின்றே பொறுக்குகிறது.

உன் பெண்டாட்டி செல்வியின் கழுத்துச் செயினை அடகு வைத்து, மெட்ராஸில் யாரோ ஒருத்தன் ஸ்டுடியோவில் பாடிவிட்டு நீ வந்து இறங்கின நாள் நினைவிருக்கிறது. பஸ் மேலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினாய். "ஆத்தா பாட்டு, அக்கா. ஆடிக்குள்ள செயினைத் திருப்பிடலாம்" என்றாய். செல்வி அந்தப் பெட்டிகளுக்குக் கற்பூரம் காட்டினாள்.

செஞ்சியில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டு வியாபாரிகளுக்கு நடுவில் துண்டு விரித்து உட்கார்ந்தாய். கோயில் விழாவுக்கு மைக் செட் கட்டுகிற ரேடியோ செட்டுக்காரன் வந்து ஒன்றே ஒன்று வாங்கினான். "இன்னும் ரெண்டு எடுத்துக்கோப்பா" என்றதற்கு, "ஒண்ணு போதும்ணே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு நமக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அந்த ஒன்றிலிருந்து எத்தனையோ காப்பி எடுத்தார்கள். அப்புறம் மெமரி கார்டு என்றார்கள், அப்புறம் போன். அடுத்த ஆடிக்குள் தொண்டூரிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் எந்தக் கோயிலில் கூழ் ஊத்தினாலும் உன் குரல்தான். செயின் ஏலத்தில் போனது. செல்வி மஞ்சள் கயிறோடு உட்கார்ந்து உன் பாட்டைக் கேட்டாள்.

ஒரு நாள் அவலூர்பேட்டை பஸ்ஸில் நாம் ரெண்டு பேரும் வந்தோம். டிரைவர் உன் பாட்டைப் போட்டான். உனக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, இது நான் பாடினது" என்றாய்.

"அப்படியா? நல்லாத்தான் கீது. எத்தினி டிக்கெட்டு?"

பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான்தான் ரெண்டு டிக்கெட் எடுத்தேன். இறங்கி நடக்கும்போது மெதுவாகச் சொன்னாய். "டீசலைக் காசு குடுத்துத்தானேக்கா ஊத்துறான்." அதற்கு மேல் நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நம்ம ஊர் விழாக்குழுவிடம் நீ கேட்டது பெரிய சொத்து இல்லை. மேடை ஏறி ஒரு தடவை பாடவிட்டு, வெத்திலை பாக்கோடு கையில் எதையாவது கொடுங்கள் என்றுதான் கேட்டாய். "என்னாத்துக்கு? போன்ல நல்லாப் பாடறே. நேர்ல பாடினா இருமறே" என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். பெரியவர் ஒருத்தர், "ஆத்தா பாட்டுக்குக் காசு கேட்டா அவ ஏத்துக்குவாளா?" என்றார். அந்த ஆத்தா கோயிலில்தான் ரேடியோ செட்டுக்கு வாடகை கொடுத்தார்கள். ஜெனரேட்டருக்கு, சீரியல் பல்புக்கு, வாணத்துக்கு, பம்பைக்காரர்களுக்கு, எல்லாத்துக்கும் கொடுத்தார்கள். அவர்களிடம் ஆத்தா கோவித்துக்கொள்ளவில்லை. உன்னிடம்தான் கோவித்துக்கொள்வாள் போலிருக்கிறது.

பேத்தி என்னிடம் வாதாடுகிறாள். "ஃப்ரீயா நெட்டுல வந்ததாலதான் ஆயா, தாத்தா பாட்டு இத்தனை ஊருக்குப் போச்சு."

"பாட்டு போச்சு. அவன் பேரு போச்சா? காட்டு."

போனை நீட்டினாள். கண்ணைச் சுருக்கிப் படித்தேன். பாடினவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பாட்டை எடுத்துப் போட்டவன் தன் கடைப் பேரைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"நீ மாசா மாசம் நெட்டுக்குக் காசு கட்டுறியே, அது யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"அவங்க பாடினாங்களா?"

பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டு சார்ஜ் போடப் போய்விட்டது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி. போன ஆடியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கூழ் ஊத்துகிற அன்றைக்கு விடியக்காலையில் நீ கண்ணை மூடினாய். தெருவில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் கோயில் திறக்கக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. முந்தின நாளெல்லாம் ஓடின உன் பாட்டை உன் சாவுக்காக நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் விழாக்குழுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆயா, தப்பா நினைக்காதே. உச்சிக்குள்ள எடுத்துட்டா கூழ் ஊத்திடலாம். ஊரே காப்பு கட்டிக்கினு கீது."

"பொண்ணு பெங்களூர்லருந்து வந்துக்கினு இருக்குது. திருவண்ணாமலை தாண்டிடுச்சாம். பெத்தவன் மூஞ்சியைப் பாக்க வேணாமா?"

"பஸ்ஸை நம்ப முடியுமா ஆயா?"

நான் நகரவில்லை. செல்விதான், சாமி குத்தம் வந்துவிடுமோ என்ற பயத்தில், தலையை நிமிர்த்தாமலே, "எடுத்துடச் சொல்லுங்க" என்றாள். எடுத்தார்கள். வீடு கழுவிவிட்டோம். வாசல் ஈரம் காயவில்லை, ரேடியோ பாட ஆரம்பித்தது. முதல் பாட்டே உன்னுது. உன் பாட்டைப் போடுவதற்காக உன்னை அவசரமாகத் தூக்கினார்கள்.

உன் மகளிடம் நாங்கள் சீரியஸ் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாட்டு ஓடுதே அத்தை! பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிஞ்சிடுச்சு, நைனாவுக்கு ஒண்ணும் ஆகலைன்னு!"

அப்புறம்தான் ஈர வாசலைப் பார்த்தாள்.

இந்த ஆடிக்கு நேற்று வரி கேட்டு வந்தார்கள். என் மாமியார் காலத்திலிருந்து இந்த வீட்டில் கோயில் வரி நின்றதில்லை. "மைக்கில அவன் பேரைச் சொல்லிட்டு அவன் பாட்டைப் போடு. ரெண்டு பங்கு வரி தரேன்" என்றேன். வந்தவர்களில் உன் பாடைக்குத் தோள் கொடுத்தவனும் ஒருத்தன். அவன்தான் சொன்னான், "அது நெட்டுல கிடக்குற பாட்டு ஆயா. யாருதுன்னு சொல்றது?"

"அப்ப வரியையும் நெட்டுலயே எடுத்துக்கோ" என்று உள்ளே வந்துவிட்டேன். வரி கொடுக்காத வீடு என்று தெருவெல்லாம் பேச்சு. பேசட்டும். அவர்கள் ஊத்துகிற கூழ் எனக்கு வேண்டாம்.

இன்றைக்கு ரேடியோ கட்டிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். சாத்தியும் கேட்கிறது. உன் மகளுக்கு வந்த நினைப்பு என்னையும் விடமாட்டேன் என்கிறது தம்பி. பாட்டு ஓடுகிறது, அப்படியானால் தெருவில் சாவு இல்லை, நீ சந்தையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறாய் என்று தோன்றிவிடுகிறது. பாட்டு முடிகிற வரைக்கும் நீ இருக்கிறாய். முடிந்ததும் மறுபடியும் உன்னை எடுத்துவிடுகிறார்கள்.